பதினெட்டாம் பக்கத்து மல்லிகா

சங்கீதா: இது என்னடி வருது... கொதிகலன், சாம்பல், சாம்பல்ல செங்கல். பொம்பளைங்கன்னு அடிச்சா செங்கல் வருது.

அன்புக்கரசி: நீ என்ன அடிச்சிருக்கேன்னு பாரு. முழு வாக்கியம், கடைசியில கேள்விக்குறி வேற. கம்ப்யூட்டர்கிட்ட ஏன் மனு குடுக்கற?

சங்கீதா: வேற எப்படிக் கேக்கறதாம்?

அன்புக்கரசி: கேக்காதே. கட்டுரை எழுதினவ என்ன வார்த்தை போட்டிருப்பாளோ அதை மட்டும் போடு. லிக்னைட். லேண்ட் அக்விசிஷன். ஜெண்டர். ரெண்டு வார்த்தை ஒட்டிகினு வரணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடு.

சங்கீதா: சரிங்க மேடம்.

அன்புக்கரசி: மேடம்னா எழுந்து போயிடுவேன்.

நூலகர்: ஏம்மா, கொஞ்சம் மெதுவா. படிக்கறவங்க இருக்காங்க.

சங்கீதா: அவரு தூங்கறாரு சார்.

நூலகர்: தூங்கறவரும் மெம்பர்தான். கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம்தான், ஞாபகம் இருக்கட்டும். அடுத்து ஒருத்தர் ஜாதகப் பொருத்தம் பாக்கக் காத்துகினு இருக்காரு.

அன்புக்கரசி: சரிங்க சார்... சிரிக்காதடி. தேடு.

சங்கீதா: உங்க யூனிவர்சிட்டியில இப்படி ஜாதகம் பாக்க யாரும் வரமாட்டாங்க, இல்ல?

அன்புக்கரசி: வருவாங்க. அங்க ஏசியில பாப்பாங்க.

சங்கீதா: நாலு மாடி லைப்ரரின்னு ஸ்டேட்டஸ் போட்டிருந்த.

அன்புக்கரசி: மூணு மாடி.

சங்கீதா: மூணுதானா. அப்ப பரவால்ல, எனக்குத் தூக்கம் வரும்... இந்தா, வந்துடுச்சு. முன்னூத்திப் பன்னண்டு கட்டுரை.

அன்புக்கரசி: எல்லாத்தையும் படிக்காதே. உனக்குக் கிட்ட வர ஒண்ணை எடு, அதோட கடைசிப் பக்கத்துக்குப் போ. அவங்க யாரையெல்லாம் படிச்சாங்கன்னு அங்க பட்டியல் இருக்கும். அதுல நாலு பேரைப் பிடி. அப்புறம் இந்தக் கட்டுரையை யாரெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்காங்கன்னு கீழே ஒரு வரி இருக்கு பாரு, அதை அமுக்கு. பின்னாடியும் போகலாம், முன்னாடியும் போகலாம்.

சங்கீதா: இதெல்லாம் எங்க கைடு சொன்னதே இல்ல.

அன்புக்கரசி: என்ன சொன்னாரு?

சங்கீதா: நல்லா தேடும்மான்னாரு.

அன்புக்கரசி: ...ஒரிஸ்ஸா ஒண்ணு இருக்கு. ஜார்க்கண்ட் ரெண்டு. இது நல்ல கட்டுரை, எடுத்துக்கோ.

சங்கீதா: காசு கேக்குது. டாலர்ல.

அன்புக்கரசி: தள்ளு, என் லாகின் போடறேன். அந்தப் பக்கம் திரும்பு.

சங்கீதா: பாஸ்வேர்டையா பாக்கப் போறேன்? பாஸ்வேர்டு இருந்தா மட்டும் நான் நீ ஆயிடுவேனா.

அன்புக்கரசி: எதுக்குடி இப்ப இது?

சங்கீதா: சும்மா... நம்ம ஊரைப் பத்தி ஒண்ணும் வரலியே.

அன்புக்கரசி: வராது. ஜார்க்கண்டை வெச்சு எழுதிக்கோ.

சங்கீதா: வரலன்னாதான் எனக்கு நல்லது. நான் எழுதி வெச்சிருக்கற வரியைக் கேளு. 'நெய்வேலியில் சுரங்கத்துக்கு நிலம் தந்த குடும்பங்களில், அதற்கு ஈடாகக் கிடைத்த ஒரு வேலை ஏன் மகளுக்குப் போகாமல் மகனுக்கே போனது என்பதை இதுவரை எவரும் ஆராயவில்லை.' எப்படி?

அன்புக்கரசி: நல்லாருக்கு.

சங்கீதா: வியாழக்கிழமை கமிட்டி. இந்த ஒரு வரியிலதான் என் பிஎச்.டி. நிக்குது. போன தடவை வேற தலைப்பு குடுத்தேன், ஏற்கனவே செஞ்சாச்சுன்னு தூக்கிப் போட்டாங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா ரெஜிஸ்ட்ரேஷனே போச்சு.

அன்புக்கரசி: அந்த வரியைக் கொஞ்சம் மாத்திக்கோயேன். 'போதிய அளவு ஆராயப்படவில்லை'ன்னு போடு.

சங்கீதா: ஏன்?

அன்புக்கரசி: யாராவது எழுதியிருந்தா?

சங்கீதா: யாரு எழுதியிருப்பா?

அன்புக்கரசி: எனக்கென்ன தெரியும். உலகத்துல எவ்ளோ பேரு எழுதறாங்க.

சங்கீதா: உலகத்துல எவனோ வந்து முத்தாண்டிக்குப்பத்துல வூடு வூடா ஏறி இறங்கிக் கேட்டிருப்பானா?

அன்புக்கரசி: ஒரு பாதுகாப்புக்குச் சொன்னேன்டி.

சங்கீதா: எம்.ஏ. ரெண்டாவது வருஷம். டவுன்ஷிப் பஸ்ல வரும்போது இதை உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். ஞாபகம் இருக்கா?

அன்புக்கரசி: இருக்கு.

சங்கீதா: பரவால்ல, இருக்குதே.

அன்புக்கரசி: டாபிக்கை யாருக்கும் பட்டா போட்டுத் தரமாட்டாங்க சங்கீ.

சங்கீதா: நான் ஒண்ணுமே சொல்லலையே. நீ எதுக்குப் பட்டாவுக்குப் போற?

அன்புக்கரசி: ...இன்னொரு வார்த்தை போட்டுப் பாக்கலாமா? ஹவுஸ்ஹோல்டுன்னு போடு.

சங்கீதா: நீயே போடு. உனக்குத்தான் எல்லாம் வருது. ஃபெல்லோஷிப் வருது, ஜெர்மனிக்கு டிக்கெட் வருது. உங்களுக்குன்னா எல்லாம்...

அன்புக்கரசி: எல்லாம்?

சங்கீதா: ஒண்ணுமில்ல.

அன்புக்கரசி: எங்களுக்குன்னா. முடி.

சங்கீதா: நான் எதுவும் சொல்லல.

அன்புக்கரசி: சொல்லல. வாய் வரைக்கும் வந்தது, நிறுத்திட்ட. அஞ்சு வருஷமா நிறுத்திகினேதான் இருக்க.

சங்கீதா: அன்பு, நான் அந்த அர்த்தத்துல...

அன்புக்கரசி: எங்க தாத்தாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. சுரங்கம் வந்தப்ப எங்க வூட்ல குடுக்க ஒண்ணுமில்ல, கேக்கவும் ஒண்ணுமில்ல. வேலைக்கு அண்ணன் பேரா தங்கச்சி பேரான்னு ஒரு சண்டை எங்களுக்கு வந்ததே இல்ல. அந்தச் சண்டை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் உங்க தெரு வரைக்கும் வந்தேன்.

சங்கீதா: எங்க தெருவுக்கா?

அன்புக்கரசி: ...உங்க மாதிரி ஆளுங்க தெருவுக்கு.

சங்கீதா: எப்ப வந்த?

அன்புக்கரசி: பொதுவா சொன்னேன்டி.

நூலகர்: இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்.

சங்கீதா: முடிச்சிடறோம் சார்... தள்ளு, நான் ஒண்ணு அடிக்கறேன். உன் பேரு. பி. அன்புக்கரசி.

அன்புக்கரசி: எதுக்கு?

சங்கீதா: என் ஃப்ரெண்டு எழுதினதையெல்லாம் பாக்கக்கூடாதா? இந்தா. 'தென்னிந்திய நிலக்கரி நகரம் ஒன்றில் நிலமும் மகள்களும்.' நிலக்கரி நகரம் ஒன்றில். எந்த ஊருடி அது? ஊரு பேரு போடல. கீவேர்டுலயும் இல்ல. நெய்வேலின்னு அடிச்சா ஏழு ஜென்மத்துக்கும் வராது. கெட்டிக்காரி.

அன்புக்கரசி: சொல்லலாம்னுதான் இருந்தேன்.

சங்கீதா: எப்போ? கமிட்டி என்னைக் கேட்டு நான் முழிச்சதுக்கு அப்புறமா?

அன்புக்கரசி: அதான் வரியை மாத்துன்னு சொன்னேன்ல.

சங்கீதா: ஜார்க்கண்டை எடுத்துக் குடுத்த. ஒரிஸ்ஸாவை எடுத்துக் குடுத்த. பக்கத்துல உக்காந்துகினு, பின்னாடி போ, முன்னாடி போன்னு வித்தை காட்டற, சொந்தக் கட்டுரையை மட்டும் ஒளிச்சிட்டு. அவ்ளோ பயமாடி, நான் படிச்சிடுவேன்னு?

அன்புக்கரசி: பயம்தான்.

சங்கீதா: ஒத்துக்கறியே. சரி, திற. உன் லாகின்தான் போட்டிருக்கில்ல, பாக்கறேன் என்ன எழுதியிருக்கேன்னு.

அன்புக்கரசி: வேணாம் சங்கீ. வூட்டுக்குப் போய்ப் படி.

சங்கீதா: திறந்துடுச்சு. முப்பத்திரெண்டு பக்கம். அடேயப்பா... இங்கிலீஷ் எல்லாம் பளபளன்னு இருக்கு. எனக்கெல்லாம் ஒரு பாரா எழுதறதுக்குள்ள பொழுது போயிடுது.

அன்புக்கரசி: கைடு திருத்தினது.

சங்கீதா: உங்க கைடு திருத்தறாங்க. எங்க கைடு நல்லா தேடும்மா.

அன்புக்கரசி: ...சங்கீ. இந்தக் கட்டுரையை நீ இப்பதான் முதல் தடவையா பாக்கற?

சங்கீதா: ஆமா.

அன்புக்கரசி: முதல் தடவையா பாக்கறவ ஏன் நேரா பதினெட்டாம் பக்கத்துக்குப் போன? கடைசிப் பக்கத்துக்குப் போகணும்னு சொல்லிக் குடுத்தேன். இல்ல முதல் பக்கத்துல இருந்து படிக்கணும். பதினெட்டு எதுக்கு?

சங்கீதா: கை பட்டு ஓடிடுச்சு.

அன்புக்கரசி: சரி.

சங்கீதா: ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்கினேன். ஒரு மாசம் ஆச்சு. போதுமா?

அன்புக்கரசி: ஒரு மாசமா வெச்சிகினு, எதுவும் கெடைக்கலன்னு என்னை இங்க வரச் சொன்னியா?

சங்கீதா: நீயா எடுத்துக் காட்டறியான்னு பாத்தேன்.

அன்புக்கரசி: காட்டல.

சங்கீதா: காட்டல... பதினெட்டாம் பக்கம் படிக்கட்டுமா? 'மல்லிகா, ஐம்பத்திரண்டு வயது. முந்திரி உடைக்கும் வேலை.' மல்லிகா யாருடி?

அன்புக்கரசி: பேரு மாத்திதான் போடணும். யாருன்னு சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அது உனக்கும் தெரியும்.

சங்கீதா: தெரியும். நானும் நாப்பது பேர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன்... கேளு. 'பதினோரு வயசுல முந்திரி உடைக்கப் போனேன். அந்தக் கூலியைச் சேத்து வெச்சு எங்கப்பா அறுபது சென்ட் வாங்கினாரு, என் பேருல. கல்யாணத்துக்கு ஆவும்னாரு. சுரங்கத்துக்கு எடுத்தாங்க. வூட்டுக்கு ஒரு வேலைன்னு ஃபாரம் வந்தது. பத்தாவது பாஸ் பண்ணவ நான். தம்பி ஒம்பதாவது ஃபெயிலு. எங்கப்பா தம்பி பேரை எழுதினாரு. எழுதி முடிக்கற வரைக்கும் பேனா மூடியை நான்தான் கையில வெச்சிகினு நின்னேன்.'

அன்புக்கரசி: இது இங்கிலீஷ்ல இருக்கு. நீ தமிழ்ல படிக்கற.

சங்கீதா: எனக்கு அவங்க குரல்லதான்டி கேக்குது. இந்தக் கடைசி வரி. 'எழுதுனா எழுது, வுட்டா வுடு.' நீ அழகா இங்கிலீஷ்ல மாத்தியிருக்க. எங்கம்மா வாயால இருபத்தெட்டு வருஷமா இதைக் கேக்கறேன். குழம்புல உப்பு பத்தலன்னு சொன்னா, தின்னா தின்னு, வுட்டா வுடு. முந்திரிக்குப் போவாதேன்னு சொன்னா, பேசுனா பேசு, வுட்டா வுடு.

அன்புக்கரசி: அப்படிப் பேசறவங்க ஊர்ல நூறு பேர் இருப்பாங்க.

சங்கீதா: நூறு பேருக்கும் அறுபது சென்ட் இருந்ததா? நூறு பேரோட தம்பியும் ஒம்பதாவது ஃபெயிலா? எங்க மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஒம்பதாவது ஃபெயிலு, பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், பாத்தியாம்பாரு. அம்மா பக்கத்துலயே உக்காந்து அவருக்கு மோர் ஊத்துவாங்க.

அன்புக்கரசி: ...நான் எதுவும் சொல்லமாட்டேன் சங்கீ.

சங்கீதா: சொல்லாதே. மல்லிகாவைப் பத்தியே பேசுவோம். மல்லிகா உன்கிட்ட எவ்ளோ நேரம் பேசினாங்க?

அன்புக்கரசி: நாலு நாள். ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு மணி நேரம்.

சங்கீதா: நாலு நாளா... நான் போன தையில ரெக்கார்டரை எடுத்துகினு போய் எங்கம்மா முன்னாடி வெச்சேன். அதைப் பாத்துட்டு, இதுல பாட்டு வருமான்னாங்க. நிலத்தைப் பத்திச் சொல்லும்மான்னேன். என்னாத்த இருக்குது சொல்ல, எழுந்து போடி, தண்ணி வந்துடுச்சுன்னாங்க. ரெண்டு நிமிஷம் பதினாலு செகண்டு. இன்னும் என் ஃபோன்ல இருக்கு.

அன்புக்கரசி: சொந்தப் பொண்ணுகிட்ட சொல்றது கஷ்டம்டி.

சங்கீதா: உன்கிட்ட மட்டும் சுலபமா? மல்லிகா உனக்குச் சாப்பாடு போட்டாங்களா?

அன்புக்கரசி: போட்டாங்க.

சங்கீதா: எங்க உக்கார வெச்சு?

அன்புக்கரசி: உள்ள. அடுப்பங்கரையில. அவங்க பக்கத்துல.

சங்கீதா: என்ன குழம்பு?

அன்புக்கரசி: அதெல்லாம் எதுக்குடி?

சங்கீதா: சொல்லு.

அன்புக்கரசி: நெத்திலிக் கருவாடு. பலாக்கொட்டை போட்டு.

சங்கீதா: எனக்கு அதை வெச்சுக் குடுத்து ரெண்டு வருஷம் ஆவுது. கேட்டா, கருவாடு நல்லதா வரலம்பாங்க.

அன்புக்கரசி: இதுக்கெல்லாமா...

சங்கீதா: இதுக்கெல்லாம்தான். நீ எழுதினது எனக்குப் பொறாமை இல்லைன்னு சொல்லமாட்டேன். ஜெர்மனி போனதும் பொறாமைதான். ஆனா அதுக்கெல்லாம் ரெண்டு நாள் வயிறு எரிஞ்சா போயிடும். இது போகல. பேனா மூடி, அன்பு. எங்கம்மா கையில இருந்த பேனா மூடி. அதை எனக்குக் குடுக்கல, உனக்குக் குடுத்திருக்காங்க. நான் அதை டாலர் கேக்கற ஜர்னல்ல போய்ப் படிக்கறேன்.

நூலகர்: பத்து நிமிஷம்மா. ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?

சங்கீதா: ஜலதோஷம் சார்.

அன்புக்கரசி: இந்தா, துடை.

சங்கீதா: வேணாம் போ. உன் கர்ச்சீப் ஒண்ணுதான் குறைச்சல்.

அன்புக்கரசி: மல்லிகா ஏன் பொண்ணுகிட்ட சொல்லலன்னு பத்தொம்பதாம் பக்கத்துல இருக்கு. படிச்சியா?

சங்கீதா: படிச்சேன். 'தம்பி வூட்லதான் என் பொண்ணு தங்கிப் படிக்குது. அவன்தான் படிக்க வெக்கறான். தெரிஞ்சா அந்த வூட்டு வாசல்ல நின்னு கேட்டுடும். படிப்பு நின்னுடும்.' நான் கேக்கலையே. ஒரு மாசம் ஆச்சு, ஒரு வார்த்தை கேக்கல. தினம் ராத்திரி மாமா எதிர்ல உக்காந்து சாப்பிடறேன். தட்டுல இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோம்மாம்பாரு. நல்ல மனுஷன்டி அவரு. அதான் தொண்டையில இறங்கல.

அன்புக்கரசி: ஊர் பேரை நான் ஏன் எடுத்தேன்னு நினைக்கற?

சங்கீதா: நான் கண்டுபிடிச்சு உன் கட்டுரையை என் சினாப்சிஸ்ல திருப்பிப் போடக்கூடாதுன்னு.

அன்புக்கரசி: அந்தக் கட்டுரையை யாரு வேணா காசில்லாம படிக்கற ஒரு ஜர்னல்ல கேட்டாங்க. கைடு, அதுலயே குடு, நிறைய பேரு படிப்பாங்கன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். மல்லிகா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கினாங்க. 'பொண்ணும் உன்ன மாதிரிதான் படிக்குது. அது தேடற எடத்துல இது கெடைக்கக்கூடாது.' அதான் உங்க காலேஜுக்கு எட்டாத ஜர்னலா பாத்துப் போட்டேன்.

சங்கீதா: ...எனக்கு எட்டாத எடமா தேடிப் போட்டியா?

அன்புக்கரசி: ஆமா. எட்டு மாசம் காத்திருந்து.

சங்கீதா: நான்தான் தினமும் உன்னைத் திட்டிகினு இருந்தேன். ஒளிக்கறா, ஒளிக்கறான்னு.

அன்புக்கரசி: ஒளிச்சேன்ல. திட்டினதுல தப்பில்ல.

சங்கீதா: சரி. ஒண்ணு பண்றேன். நான் இதைப் படிக்கவே இல்ல. யாருகிட்டயும் வாங்கவே இல்ல. வரியை மாத்திக்கறேன், போதிய அளவு ஆராயப்படலன்னு. கமிட்டி கேட்டா உன் கட்டுரை பேரை மட்டும் சொல்லிக்கறேன். பதினெட்டாம் பக்கம்னு ஒண்ணு கிடையாது.

அன்புக்கரசி: அம்மாகிட்ட?

சங்கீதா: எதுக்குக் கேக்கணும்? எனக்குத் தெரியக்கூடாதுன்னு நினைச்சாங்க. தெரியாத மாதிரியே இருந்துடறேன். மாமா மோர் கேட்டா நானே ஊத்தறேன். அம்மாவுக்கு அதுதான் நிம்மதி. நீயும் சொல்லிடாதே.

நூலகர்: டைம் ஆச்சும்மா. எழுந்துக்கங்க. ஜாதகம் பாக்கறவரு நின்னுகினு இருக்காரு.

சங்கீதா: இதோ சார்... வாடி. என்ன அப்படியே உக்காந்துகினு இருக்க?

அன்புக்கரசி: செல்வகுமார்னு ஒருத்தன், மதுரையில ஆராய்ச்சி மாணவன்னு சொல்லி, போன மாசம் இந்தக் கட்டுரையைக் கேட்டு எனக்கு மெயில் போட்டான். 'டியர் அன்பு மேடம்'னு. கட்டுரையில என் பேரு பி. அன்புக்கரசி. அன்புன்னு கூப்பிடறவங்க உலகத்துலயே ஆறு பேரு, அதுல ஆம்பளை எங்கண்ணன் நெடுமாறன் ஒருத்தன்தான். நீதான்னு தெரிஞ்சுடுச்சு, உடனே அனுப்பல. மறுநாள் காலையில பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பம் போனேன். உங்க பொண்ணு கேக்குது, குடுக்கட்டுமான்னு உங்கம்மாவையே கேட்டேன். முந்திரி உடைச்சிகினே இருந்தாங்க. அப்புறம், 'குடு, ஆனா நீயா எதுவும் சொல்லாதே, அதுவா வந்து என்னைக் கேக்கட்டும்'னாங்க. அன்னியில இருந்து ஞாயித்துக்கிழமை தவறாம எனக்கு ஃபோன் பண்றாங்க சங்கீ. ஒரே ஒரு கேள்விதான். 'அது இன்னும் படிச்சு முடிக்கலியா?'